வாசலுக்கு எந்த விளக்கு நல்லது?

மாணவர்களே, சென்ற ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது எங்கள் வீட்டு வாசலில் ஒரு புதிய விளக்கு ஏறியது. 50 வாட் எல்.இ.டி. ஃபிளட் லைட். ஹார்டுவேர் கடையில் மலிவு விலையில் கிடைத்ததென்று அப்பா வாங்கி வந்து, மேல்மாடிச் சுவரில் கேட்டைப் பார்த்தபடி பொருத்தச் சொன்னார். அன்றிரவு சுவிட்சைத் தட்டியதும் எங்கள் வீடு, எதிர் வீடு, சாலை எல்லாம் பகல்போல் ஆயின. "இனிமேல் போர்ச் விளக்கு எதற்கு? அதை அணைத்துவிடலாம்" என்றார் அப்பா. எங்கள் எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது. அறிவியல் ஆசிரியரான எனக்கும்தான்!

பத்து நாள் கழித்து, இரவு எட்டு மணிக்குக் குப்பையைப் போட்டுவிட்டுக் கேட்டிலிருந்து திரும்பி வந்த அம்மா, போர்ச்சிலிருந்து வீட்டுக்குள் ஏறும் ஒற்றைப் படியில் கால் இடறி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. பதினெட்டு ஆண்டுகளாக ஏறி இறங்கிய படி அது. பழைய மங்கல் விளக்கு இருந்த காலத்தில் ஒரு நாளும் அவர் அங்கே தடுமாறியதில்லை.

வெளிச்சம் கூடிய பிறகு ஏன் விழுந்தார்? இந்தக் கேள்விதான் என்னை விடவில்லை.

மறுநாள் இரவு அம்மா நின்ற இடத்திலேயே, கேட்டருகில், வீட்டைப் பார்த்து நின்றேன். கண்ணெதிரே அந்த விளக்கு. அதன் கீழே போர்ச் கூரை, கூரைக்கு அடியில் ஒரே கறுப்பு. பிறகு வலது கையை நீட்டி, உள்ளங்கையால் அந்த விளக்கை மட்டும் மறைத்துப் பார்த்தேன். உடனே செருப்பு அடுக்கு தெரிந்தது, துளசிச் செடி தெரிந்தது, படியின் விளிம்பும் தெரிந்தது. கையை எடுத்தேன், எல்லாம் மறைந்தன. விளக்கை மறைத்தால் பார்வை தெளிகிறது என்றால், அந்த விளக்கு நமக்கு உதவவில்லை, நம் கண்ணைக் கூச வைக்கிறது என்று பொருள். இன்றிரவே உங்கள் வீட்டு வாசலில் இந்த உள்ளங்கைச் சோதனையைச் செய்து பாருங்கள். பணம் ஒரு சென்னும் செலவில்லை.

இதற்குக் காரணம் கண்ணுக்குள் இருக்கிறது. கண்ணுக்குள் நுழையும் ஒளி முழுவதும் ஒழுங்காக விழித்திரையில் குவிவதில்லை. கருவிழிப் படலத்திலும் வில்லையிலும் ஒரு பகுதி சிதறி, விழித்திரை முழுவதும் மெல்லிய வெண்திரைபோல் பரவுகிறது. மழை இரவில் எதிரே வரும் காரின் விளக்கு கண்ணில் அடிக்கும்போது சாலைக் கோடுகள் மறைந்துபோகுமே, அதே நிகழ்வுதான். போதாததற்குப் பிரகாசமான ஒளியைக் கண்டதும் கண்ணின் பாவை சுருங்கிவிடுகிறது. இருட்டான மூலையிலிருந்து வரும் கொஞ்ச ஒளியும் அதனால் இன்னும் குறைகிறது.

மூன்றாவதாக இருட்டுக்குப் பழகுதல். திரையரங்கினுள் நுழைந்ததும் இருக்கை எண் தெரியாமல் தடுமாறிய அனுபவம் உங்களுக்கு இருக்கும். மங்கலான ஒளியில் வேலை செய்பவை விழித்திரையிலுள்ள கோல் செல்கள். அவை முழுத் திறனை அடைய 20 முதல் 30 நிமிடம் வேண்டும். ஆனால் பிரகாசமான ஒளி பட்டால் அந்தத் திறனைச் சில விநாடிகளில் இழந்துவிடும். ஃபிளட் லைட்டைப் பார்த்தபடி நடந்து வந்த அம்மா, போர்ச் கூரையின் நிழலுக்குள் காலடி வைத்த அந்தக் கணத்தில் ஏறக்குறையப் பார்வையற்றவராகத்தான் இருந்திருக்கிறார். 

அம்மாவுக்கு வயது 64. வயது ஏற ஏறப் பாவை முன்போல் விரிவதில்லை, வில்லையும் மஞ்சளாகிறது. 60 வயதுக்காரரின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதுக்காரருடையதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். ஒளிச் சிதறல் மட்டும் அவர்களுக்கு அதிகம். ஆகவே, "எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது" என்று நீங்களோ நானோ சொல்வது வீட்டிலுள்ள பாட்டிக்கும் தாத்தாவுக்கும் பொருந்தாது.

சரி, எந்த விளக்கு வாங்குவது? கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்து, உங்கள் வாசலை இருட்டில் யார் யார், எத்தனை மணிக்கு, எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதுங்கள். நான் எழுதியபோது எனக்கே வியப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஐந்தரை மணிக்கு அம்மா வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார். ஆறே காலுக்கு அண்ணி மூன்று பிள்ளைகளையும் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு காரை எடுக்கிறார். மாலை மங்கும் நேரத்தில் பிள்ளைகள் சைக்கிளைப் போர்ச்சில் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். அண்ணனுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. நள்ளிரவை நெருங்கும்போது மோட்டார் சைக்கிளில் வந்து, கேட் பூட்டின் துவாரத்தைத் தேடுகிறார். 

இந்தப் பட்டியலில் காலை நேரத்தைக் கவனியுங்கள். 1982 ஜனவரி 1ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்குடன் ஒரே நேரமாக்கினார்கள். சிங்கப்பூரும் அப்படியே செய்தது. அதனால் நம் ஊர்ச் சூரியன் கடிகாரப்படி தாமதமாகத்தான் எழுகிறது. பிப்ரவரித் தொடக்கத்தில் கோலாலம்பூரில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 7.30 மணிக்கு. நீங்கள் புத்தகப் பையோடு வீட்டை விட்டு இறங்கும்போது நள்ளிரவுபோல் இருக்கிறதே, காரணம் அதுதான். வெளிவிளக்கைத் திருடனுக்காக வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். எங்கள் பட்டியலில் திருடன் ஒரு நாளும் வரவில்லை, பள்ளிப் பிள்ளைகள் தினமும் வருகிறார்கள்!

இனி வெளிச்சத்தின் அளவு. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரம். அது தரும் ஒளியைச் சொல்வது லூமன். பழைய குமிழ் விளக்கு 60 வாட் வாங்கிக்கொண்டு சுமார் 800 லூமன் தந்தது. இன்றைய எல்.இ.டி. அதே 800 லூமனை எட்டு அல்லது ஒன்பது வாட்டில் தருகிறது. எங்கள் ஃபிளட் லைட்டோ 4,500 லூமனுக்கு மேல்! ஒரு வரிசை வீட்டின் வாசலுக்கு அது எதற்கு? கால்பந்துத் திடலா அது?

ஒளி எங்கே போய் விழுகிறது என்பது அதன் அளவைவிட முக்கியம். தூரம் இரு மடங்கானால், ஒரு புள்ளியிலிருந்து பரவும் ஒளியின் செறிவு நான்கில் ஒரு பங்காகும். தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். ஆறு மீட்டர் உயரத்து விளக்கை எடுத்துக்கொள்வோம், 6ஐ 6ஆல் பெருக்கினால் 36. படியிலிருந்து அரை மீட்டர் தள்ளி ஒரு சின்ன விளக்கு, 0.5ஐ 0.5ஆல் பெருக்கினால் 0.25. இரண்டும் ஒரே வலிமையுடன் படியை நேராகப் பார்த்தால், அருகிலிருக்கும் விளக்கு 144 மடங்கு செறிவான ஒளியைத் தரும். பெரிய விளக்கு பத்து மடங்கு வலிமையானது என்றே வைத்துக்கொண்டாலும், அருகிலுள்ள சின்ன விளக்கு இன்னும் 14 மடங்கு முன்னணியில் நிற்கிறது. படிக்கு அருகே மூன்று வாட் விளக்கு போதும் என்று நான் சொன்னபோது அப்பா சிரித்தார். இந்தக் கணக்கைக் காட்டிய பிறகு சிரிக்கவில்லை.

அடுத்தது நிறம். பெட்டியில் 2700, 3000, 4000, 6500 என்று ஓர் எண்ணும் அதன் பக்கத்தில் கெல்வின் என்பதைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். எண் சிறியதானால் ஒளி மஞ்சள், பெரியதானால் நீலம் கலந்த வெள்ளை. எல்.இ.டி.யின் உள்ளே உண்மையில் வெள்ளை ஒளி பிறப்பதில்லை. நீல ஒளி தரும் ஒரு சில்லு, அதன்மேல் மஞ்சள் நிறப் பாஸ்பர் பூச்சு. இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக இசாமு அகசாக்கி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 6500 கெல்வின் விளக்கில் நீலத்தின் பங்கு அதிகம், 3000 கெல்வினில் குறைவு.

நீலம் குறைவாக இருப்பது ஏன் நல்லது? மழை விட்ட மாலையில் வாசல் விளக்கை மொய்க்கும் ஈசல் கூட்டத்தைக் கேளுங்கள். பல பூச்சிகளின் கண்கள் நீலத்துக்கும் புற ஊதாவுக்கும் நன்றாக எதிர்வினை காட்டும். விளக்கைப் பூச்சிகள் ஏன் சுற்றுகின்றன என்பதற்கு 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு அழகான விளக்கம் தந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் அதிவேகக் கேமராக்களால் பூச்சிகளைப் படம்பிடித்தார்கள். பூச்சிகள் விளக்கை நோக்கிப் பாயவில்லை, தங்கள் முதுகை அதன் பக்கம் திருப்புகின்றன. இயற்கையில் இரவிலும் பிரகாசமான பக்கம் வானம்தான். முதுகை அங்கே வைத்தால் எது மேல், எது கீழ் என்று தெரிந்துவிடும். செயற்கை விளக்கு அந்தக் கணிப்பைக் கெடுக்கிறது. பூச்சி விளக்கையே வானமென்று எண்ணி, சாய்ந்து சாய்ந்து அதையே சுற்றுகிறது. பாவம், வழி தெரியாமல் மாட்டிக்கொண்ட பயணி அது.

(மஞ்சள் விளக்கு வைத்தால் கொசு வராது என்று ஒருவர் எனக்குச் சொன்னார். நம்பாதீர்கள். கொசு நம்மைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நாம் வெளிவிடும் கரியமில வாயு, உடல் மணம், வெப்பம் ஆகியவற்றைக் கொண்டு. அதிலும் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் பெரும்பாலும் பகலில் கடிப்பது.)

கோலசிலாங்கூரில் கம்போங் குவாந்தானுக்குப் படகில் போனவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுகின்றன. ஆண்கள் மின்னிப் பெண்களை அழைக்கும் மொழி அது. அங்கே ஒரு ஃபிளட் லைட்டை எரியவிட்டால், அந்த உரையாடல் அந்த வெளிச்சத்தில் கரைந்துபோகும். நம் தாமானில் மின்மினி இல்லைதான். ஆனால் வானம் இருக்கிறது. 2016இல் வெளியான உலக இரவு வான ஒளி வரைபடம், ஒளி மாசு மிக அதிகமுள்ள நாடாகச் சிங்கப்பூரைக் காட்டியது. அங்கு வாழும் அனைவரும் கண் முழுமையாக இருட்டுக்குப் பழக முடியாத வானத்தின் கீழேதான் வாழ்கிறார்களாம்.

எங்கள் எதிர் வீட்டுச் சீனப் பாட்டிக்கு இந்த வரைபடம் தேவைப்படவில்லை. எங்கள் விளக்கு வந்த வாரமே படுக்கையறைச் சன்னலுக்குக் கனமான திரைச்சீலை வாங்கி மாட்டிவிட்டார். நாங்கள் விளக்கை இறக்கிய பிறகுதான் அதைச் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே. எனக்கு வெட்கமாக இருந்தது. நீலம் மிகுந்த ஒளி, உறக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் சுரப்பைக் குறைக்கும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவன் நான்.

இனி சென்சார். ஆள் வந்ததும் எரியும் விளக்குகளில் பெரும்பாலானவை நம் உடல் வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களை உணர்பவை. அந்தக் குமிழ்போன்ற வெள்ளை மூடியை உற்றுப் பாருங்கள், சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு வில்லை. அவை வாசலை விசிறிபோல் பல பட்டைகளாகப் பிரித்துக்கொள்கின்றன. சூடான உடல் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குக் கடக்கும்போது ஏற்படும் மாற்றத்தைத்தான் சென்சார் உணர்கிறது. எனவே குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும். நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். கேட்டுக்கு நேர் எதிரே பொருத்துவதைவிடப் பக்கச் சுவரில் பொருத்துவது மேல்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தோலின் வெப்பம் சுமார் 33 பாகை. புழுக்கமான இரவில் சுற்றுப்புறம் 28 பாகை இருந்தால் வேறுபாடு ஐந்து பாகைதான். குளிர்நாட்டில் சோதித்து "12 மீட்டர்" என்று பெட்டியில் போட்டது இங்கே அவ்வளவு தூரம் எட்டாது. குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியையோ, சூடான கார் எஞ்சினையோ பார்த்தபடி வைத்துவிட்டால் ஆளில்லாமலே எரியும். எங்கள் தெருப் பூனைகளுக்கும் எரியும். அது பரவாயில்லை.

அந்தி வந்ததும் தானே எரியும் ஒளி உணரியில் நான் ஒரு தவறு செய்தேன். உணரியை விளக்கின் ஒளி படும் இடத்திலேயே பொருத்திவிட்டேன். இருட்டியதும் விளக்கு எரிந்தது. உணரி, "அடடே, விடிந்துவிட்டது" என்று அணைத்தது. உடனே இருட்டு, மறுபடி எரிந்தது. இரவெல்லாம் எங்கள் வாசல் டிஸ்கோ! உணரியை வானம் பார்க்கும்படி திருப்பியதும் சரியானது.

சூரிய ஒளி விளக்கு வாங்கலாமே, மின் கட்டணமே இல்லையே என்று கேட்பீர்கள். சில பெட்டிகளில் 100 வாட், 200 வாட் என்றுகூட எழுதியிருக்கும். நம்புமுன் கணக்குப் போடுங்கள். தகடு ஓர் ஏ4 தாள் அளவு என்றால் பரப்பு 0.21 x 0.297, அதாவது சுமார் 0.062 சதுர மீட்டர். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. தகட்டின் திறன் 20 விழுக்காடு என்றால் கிடைப்பது ஏறக்குறைய 12 வாட். மேகம், மழை, சாய்ந்த வெயில் எல்லாம் சேர்த்து, ஒரு நாளில் நான்கு மணி நேர உச்சி வெயிலுக்குச் சமமாகக் கிடைத்தால் சுமார் 50 வாட் மணி. அதை 12 மணி நேர இரவுக்குப் பகிர்ந்தால் நான்கு வாட். மின்கலத்தில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் மூன்று சொச்சம். 200 வாட் எங்கிருந்து வரும்? மூன்று வாட் மோசமில்லை, கேட் தூணுக்குப் போதும். ஆனால் தகட்டைப் போர்ச் கூரைக்கு அடியில் மாட்டிவிட்டு "விளக்கு சரியில்லை" என்று கடைக்காரரிடம் சண்டை போடக்கூடாது.

மழைப் பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐ.பி. என்ற எழுத்துகளுக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதலாவது தூசி, இரண்டாவது நீர். கூரைக்கு அடியில் 44 போதும், சாரல் தெறித்தால் தாங்கும். மழையில் நேரடியாக நனையும் தூணுக்கு 65 வேண்டும். சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். வயர் இணைப்பில் மட்டும் நீங்கள் கை வைக்காதீர்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு 230 வோல்ட் இரண்டாவது வாய்ப்பு தராது. உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கடைசியில் நாங்கள் என்ன செய்தோம்? ஃபிளட் லைட் இறங்கி, உறவினரின் கோழிப்பண்ணைக்குப் போய்விட்டது. படியின் இருபுறமும் முழங்கால் உயரத்தில், தரையைப் பார்த்தபடி மூன்று வாட் விளக்குகள் இரண்டு. கேட் தூணில் மேல்பக்கம் மூடிய ஐந்து வாட் விளக்கு ஒன்று, அண்ணனின் பூட்டுத் துவாரத்துக்காக. இம்மூன்றும் அந்தியில் எரிந்து விடியலில் அணையும். போர்ச் கூரையில் ஒன்பது வாட் விளக்கு, சென்சாருடன். எல்லாமே 3000 கெல்வின். 

பழைய ஃபிளட் லைட் 12 மணி நேரம் எரிந்தால் ஓர் இரவுக்கு 0.6 கிலோவாட் மணி, ஓராண்டுக்கு 219. இப்போது சென்சார் விளக்கு இரவில் மொத்தம் இரண்டு மணி நேரம் எரிவதாக வைத்துக்கொண்டாலும் எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு 0.15, ஓராண்டுக்குச் சுமார் 55. நான்கில் ஒரு பங்கு. ரிங்கிட்டில் எவ்வளவு மிச்சம் என்று உங்கள் வீட்டு மின் கட்டணச் சீட்டைப் பார்த்து நீங்களே கணக்கிடுங்கள்.

உள்ளங்கைச் சோதனையை மறுபடி செய்தேன். கையை வைத்தாலும் எடுத்தாலும் படி ஒரே மாதிரி தெரிந்தது. அம்மாவைக் கேட்டில் நிற்க வைத்து, "என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். "செருப்பை யாரோ தாறுமாறாகப் போட்டிருக்கிறார்கள்" என்றார்.

ஒரு குறை மட்டும் இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா உட்கார்ந்து கோலம் போடும்போது, புள்ளியில் கண் வைத்து அசையாமல் இருந்தால் போர்ச் விளக்கு அணைந்துவிடுகிறது. சென்சாருக்கு மாற்றம்தானே தெரியும், ஆள் தெரியாதே! மணிக்கட்டுக் கட்டுப் பிரித்த அந்தக் கையை மேலே தூக்கி, யாரையோ கூப்பிடுவதுபோல் ஒருமுறை ஆட்டுகிறார். விளக்கு எரிகிறது. அடுத்த புள்ளியை வைக்கிறார்.